கையெழுத்து தூரத்தில் வீடு

கடையநல்லூரில் ஒரு டீக்கடை. ஜூலை மாசம். மேற்கே மலை முழுக்க மேகம் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குள் ஒரு சாரலை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் அறுபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர். பேச்சுவாக்கில், "நான் கேம்ப்புல கெடந்த காலத்துல..." என்று ஆரம்பித்தார்.

"பட்டாளத்துல இருந்தீங்களா பாய்?" என்றேன்.

சிரித்துவிட்டார். "பட்டாளமா? நல்லாக் கேட்டீய அண்ணாச்சி! சவுதி. லேபர் கேம்ப். பதினாலு வருஷம்."

கடையநல்லூரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தறிச் சத்தத்தில் கண் விழித்த ஊர் அது. தறி சோறு போடாமல் போனபோது சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். அப்புறம் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். 'எப்ப வந்தீய, எப்பப் போறீய?' என்பதுதான் அந்தப் பக்கத்துத் தெருக்களில் 'சௌக்கியமா'வுக்குப் பதிலாக விசாரிக்கிற கேள்வி.

பெரியவர் சொன்ன ஒரு விஷயம் மனசிலேயே தங்கிவிட்டது. "வேலை நேரம் பாட்டுக்குப் போயிரும் அண்ணாச்சி. வேலை முடிஞ்சு வந்து, படுக்குற வரைக்கும் ஒரு நாலு மணி நேரம் இருக்கு பாருங்க... அதத் தள்ளுறதுதான் பெரிய வேலை." அந்த நாலு மணி நேரத்தைத் தள்ளுவதற்காகவே முடிவெட்டக் கற்றுக்கொண்டாராம். கேம்ப்பில் இருந்த அத்தனை பேர் தலையிலும் பழகியிருக்கிறார். ஊருக்கு கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அங்கிருந்து பதில் கேசட் வரும். அதில் மனைவியின் குரலைவிட, பின்னால் கேட்கிற ஆட்டுக்குட்டி சத்தத்துக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாராம்.

அவர் பட்டாளத்துக்காரர் இல்லை. ஆனால் நிஜமான பட்டாளத்துக்காரர்கள், துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர்கள், ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைபட்டு, 'எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்?' என்று வருஷக்கணக்கில் நாள் எண்ணிக்கொண்டு கிடந்த கதை ஒன்று உண்டு. ஏதோ ஐரோப்பாவில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம திருச்சியில் நடந்தது. நீலகிரியில் நடந்தது. தூத்துக்குடியில் கப்பலேறினால் எட்டிவிடுகிற இலங்கையின் மலைநாட்டிலும் நடந்தது. வந்தவர்கள்தான் தூரத்து ஆட்கள். தென் ஆப்பிரிக்கர்கள். போயர்கள்.

டச்சு மொழியில் 'போயர்' என்றால் விவசாயி. அவ்வளவுதான் அர்த்தம். ஹாலந்திலிருந்து போய் ஆப்பிரிக்காவில் குடியேறி, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து, சோளம் விதைத்து வாழ்ந்த வெள்ளைக்காரர்கள். டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்று தங்களுக்கென்று இரண்டு குடியரசுகளை வைத்திருந்தார்கள். டிரான்ஸ்வாலில் தங்கம் கிடைத்தது. தங்கம் கிடைத்த இடத்தைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சும்மா விடுமா? 1899 அக்டோபர் 11-ம் தேதி யுத்தம் ஆரம்பித்தது.

போயர்களிடம் நாம் நினைக்கிற மாதிரி ராணுவமே கிடையாது. யூனிஃபார்ம் இல்லை, லெஃப்ட் ரைட் இல்லை. பதினாறிலிருந்து அறுபது வயசு வரைக்கும் உள்ள ஆண்கள், கூப்பிட்டால் சொந்தக் குதிரையோடும் துப்பாக்கியோடும் வந்து நிற்கவேண்டும். அப்பா, பையன், சித்தப்பா என்று குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேம்ப்புக்கும் அவர்கள் குடும்பம் குடும்பமாகத்தான் வரப் போகிறார்கள்.

இந்தச் சண்டையில் நம் ஆட்களும் இருந்தார்கள். நேட்டாலில் வக்கீலாக இருந்த காந்தி, பிரிட்டிஷ் தரப்பில் அடிபட்டவர்களைத் தூக்க சுமார் 1,100 இந்தியர்களைத் திரட்டி ஒரு ஆம்புலன்ஸ் படை அமைத்தார். அதில் பெரும் பங்கு, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். தமிழர்களும் அதில் உண்டு. ஸ்பியான் காப் மலைச் சண்டையில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து மைல் கணக்கில் சுமந்தார்கள்.

1900 பிப்ரவரி 27. ஜெனரல் குரோஞ்யே சுமார் நாலாயிரம் பேரோடு பார்டெபெர்க்கில் சரணடைந்தார். ஜூலைக் கடைசியில் பிரின்ஸ்லூ என்ற தளபதி, மலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இன்னொரு நாலாயிரத்துச் சொச்சம் பேரோடு வெள்ளைக்கொடி காட்டினார். பிரிட்டிஷாருக்குச் சந்தோஷம். கூடவே தலைவலி. இத்தனை பேரை எங்கே வைப்பது? தென் ஆப்பிரிக்காவிலேயே வைத்தால் தப்பித்துப்போய் மறுபடி குதிரை ஏறிவிடுவார்கள். எனவே, கடல் தாண்டி அனுப்பு! நெப்போலியனை வைத்திருந்த செயின்ட் ஹெலினா தீவுக்குச் சுமார் 5,000 பேர். சிலோனுக்கு இன்னொரு 5,000. பெர்முடாவுக்கு நாலாயிரத்துக்கும் மேல். 1901-லிருந்து இந்தியாவுக்கு 9,000-க்கும் அதிகம்.

சிலோனுக்கு முதல் கப்பல் வந்தது 1900 ஆகஸ்டில். கொழும்பில் இறக்கி, ரயிலில் ஏற்றி, தேயிலைத் தோட்டங்களின் வழியாக மேலே மேலே கொண்டுபோனார்கள். நம் ஊர்களிலிருந்து போன ஜனங்கள் கூடையும் தலைத்துணியுமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அதே தோட்டங்கள்தான். ஹப்புத்தளை தாண்டி, நாலாயிரம் அடி உயரத்தில் தியத்தலாவை. அங்கே தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாகத் தயாராக இருந்தன. சுற்றிலும் முள்கம்பி. கம்பிக்கு வெளியே துப்பாக்கியோடு காவல்.

ஒரு வேடிக்கை பாருங்கள். தியத்தலாவை மலைச்சரிவுகளில் அந்தப் பக்கத்துக்கே உரிய புல்வெளிகள் உண்டு. மரம் அதிகம் இல்லாமல், அலை அலையாகப் போகிற புல் மேடுகள். போயர்களின் ஊரும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஃப்ரீ ஸ்டேட்டின் தலைநகரமான புளூம்ஃபொன்டைன் இருப்பதும் நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து, பாதித் தூக்கத்தில் வெளியே பார்க்கிறவனுக்கு ஒரு நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? ஊர் மாதிரியே இருக்கிற ஊரில் அடைத்து வைப்பதைவிடப் பாலைவனத்தில் அடைத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கேம்ப்பில் என்னதான் செய்தார்கள்?

காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள். சாயங்காலமும் எண்ணுவார்கள். நடுவில் ரேஷன் வாங்கிச் சமைப்பது, விறகு, தண்ணீர், பாத்திரம், துணி. இதெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. நிலத்தில் சூரியன் வருவதற்கு முன்னால் எழுந்து, மாட்டோடும் மண்ணோடும் மல்லுக்கட்டி வளர்ந்த ஜாதி. அவர்களிடம் போய், 'சும்மா உட்கார்' என்றால் அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

முதலில் கத்தியை எடுத்தார்கள். பயப்படாதீர்கள், பேனாக்கத்தி. மரம், மாட்டெலும்பு, கொம்பு என்று கையில் எது அகப்பட்டாலும் செதுக்கினார்கள். புகைக்கிற பைப், கைத்தடி, நகைப்பெட்டி, போட்டோ சட்டம், குட்டி மாட்டுவண்டி. செதுக்கியதில் தங்கள் பேரும், கேம்ப் பேரும், வருஷமும் பொறித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்கார துரைமார்களும் துரைசானிகளும் காசு கொடுத்து வாங்கிப்போனார்கள். இன்றைக்கும் தென் ஆப்பிரிக்க மியூசியங்களில் இந்தச் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். செதுக்குவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால், அதில் நேர்த்தி வராமல் போனால்தான் அதிசயம்!

அப்புறம் மெதுமெதுவாக அது ஒரு ஊராகவே ஆகிவிட்டது. ஐயாயிரம் ஆண்கள் மட்டும் வாழ்கிற விசித்திரமான ஊர். ஒருத்தர் காப்பி போட்டு விற்றார். ஒருத்தர் தையல், ஒருத்தர் செருப்பு. பாட்டுக் கோஷ்டி, பேண்டு கோஷ்டி, நாடகம், பட்டிமன்றம் மாதிரி விவாதக் கூட்டங்கள். கைதிகளில் பள்ளிக்கூட வயசுப் பையன்கள் இருந்தார்கள், தாத்தாக்கள் இருந்தார்கள். பையன்களுக்குக் கேம்ப்பிலேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களும் கைதிகள்தானே.

காலையும் மாலையும் பிரார்த்தனை. போயர்கள் பைபிளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரியான பக்திமான்கள். தியத்தலாவையில் இருந்த பால் ரூ ஒரே நேரத்தில் பாதிரியாராகவும் ஜெனரலாகவும் இருந்தவர். போர்க்களத்தில் கட்டளை போட்ட அதே குரல், இப்போது தகரக் கொட்டகையில் பிரசங்கம் செய்தது. முகாம்களில் வந்த இந்த பக்தி வேகத்தில், விடுதலையானதும் மிஷனரியாகப் போகிறேன் என்று பேர் கொடுத்தவர்கள் பலர்.

பத்திரிகைகூட நடத்தினார்கள் சார்! ஒரு பத்திரிகையின் பேர் 'டி பிரிக்கெல்டிராட்'. தமிழில் சொன்னால், 'முள்கம்பி'. இதைவிடப் பொருத்தமான பேரை எந்தச் சப்-எடிட்டராலும் வைத்திருக்க முடியாது. 'டி ஸ்ட்ரேவர்' என்று இன்னொன்று, பக்திப் பத்திரிகை.

கிரிக்கெட்டும் உண்டு. 1901 ஜூலையில் போயர் கைதிகளின் டீம் ஒன்று கொழும்புக்கு வந்து 'கொழும்பு கோல்ட்ஸ்' கிளப்போடு மேட்ச் ஆடியது. கைதிகளின் கேப்டன் டி வில்லியர்ஸ். (அந்தப் பேரில் பிற்பாடு ஒருவர் பெங்களூருக்காக ஆடி நம்மையெல்லாம் சீட் நுனிக்குக் கொண்டுவந்தார், அவர் வேறு!) கைதிகள் தோற்றுப்போனார்கள். இங்கிலீஷ்காரனோடு துப்பாக்கியால் சண்டை போட்டு, அவனிடமே கைதியாகி, அவனுடைய விளையாட்டையே ஆடிப் பொழுதைப் போக்கவேண்டிய நிலைமை. ஆட்டம் முடிந்ததும் ரயிலேறி மறுபடி முள்கம்பிக்குள் போய்விட்டார்கள்.

தப்பிக்க யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். சுற்றிலும் கடல் என்பதால் கேம்ப்பிலிருந்து ஓடிப் பிரயோஜனமில்லை. அதனால் கேம்ப்புக்கு வருவதற்கு முன்பே ஐந்து பேர் காரியத்தை முடித்தார்கள். 1901 ஜனவரி. கைதிகளை ஏற்றிவந்த 'கேட்டலோனியா' கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிறது. வில்லி ஸ்டைன் என்ற இளைஞரும் நாலு பேரும் ராத்திரியில் கடலில் இறங்கி நீந்தினார்கள். அங்கே நின்றிருந்த 'கெர்சோன்' என்ற ரஷ்யக் கப்பலில் போய் ஏறிக்கொண்டார்கள். ரஷ்யர்கள் பத்திரமாக ஒளித்துவைத்துக் கொண்டுபோனார்கள். ரஷ்யா, ஜெர்மனி, ஹாலந்து என்று பாதி உலகத்தைச் சுற்றி, கடைசியில் எங்கே போனார்கள் தெரியுமா? வீட்டுக்கு இல்லை. மறுபடியும் யுத்தகளத்துக்கு!

இதெல்லாம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பைப் செதுக்கினார்கள், பாட்டுப் பாடினார்கள், பந்து விளையாடினார்கள். 'பரவாயில்லையே, ஜாலியாகத்தான் இருந்திருக்கிறார்கள்' என்று தோன்றும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பத்திரிகைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதின. டைஃபாய்டு வந்தது. தட்டம்மை வந்தது. நூறு பேருக்கு மேல் சிலோன் மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். ஆனால் தியத்தலாவையை நிஜமாக உலுக்கியது காய்ச்சல் இல்லை. தபால்.

கடிதங்களைப் பிரித்துப் படித்து, தணிக்கை செய்துதான் கொடுப்பார்கள். ஊரிலிருந்து கிளம்பிய கடிதம் கடல் தாண்டி வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். 1901-ல் அந்தக் கடிதங்களின் மேல் இருந்த முகவரி மாற ஆரம்பித்தது. பண்ணை வீட்டின் பேருக்குப் பதிலாக வேறொரு முகாமின் பேர்.

விஷயம் இதுதான். நகரங்களைப் பிடித்தும் யுத்தம் முடியவில்லை. மிச்சமிருந்த போயர்கள் கெரில்லாச் சண்டையில் இறங்கினார்கள். அவர்களுக்குச் சோறும் குதிரைக்குத் தீனியும் பண்ணை வீடுகளிலிருந்துதான் வந்தது. பிரிட்டிஷ் தளபதி கிச்சனர், 'அப்படியானால் வீடுகளே இருக்கக்கூடாது' என்று முடிவு செய்தார். சுமார் 30,000 பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டன. ஆடு மாடுகளைக் கொன்றார்கள், பயிரைக் கொளுத்தினார்கள். வீட்டிலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுபோய், வெட்டவெளியில் கூடாரம் அடித்து, அங்கே அடைத்தார்கள். 'கான்சென்ட்ரேஷன் கேம்ப்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை உலகத்துக்குப் பிரபலமாக்கியது ஹிட்லர் இல்லை. இந்த யுத்தம்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் கேம்ப்பில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். அங்கே அவன் வீடே கேம்ப்புக்குப் போய்விட்டது!

எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1901 ஜனவரியில் புளூம்ஃபொன்டைன் முகாமுக்குள் நேரில் போய்ப் பார்த்தார். சோப்பு இல்லை, போதுமான தண்ணீர் இல்லை, ஒரே கூடாரத்தில் குடும்பங்கள் நெரிந்து கிடந்தன. லண்டனுக்குத் திரும்பி அறிக்கை வெளியிட்டு, சொந்த நாட்டுக்காரர்களிடமே துரோகிப் பட்டம் வாங்கினார். அதற்குள் அம்மை பரவிவிட்டது. 1901 அக்டோபரில் சாவு உச்சத்துக்குப் போனது. யுத்தம் முடிவதற்குள் இந்த முகாம்களில் இறந்த போயர்கள் சுமார் 28,000 பேர். அதில் 22,000-க்கும் மேல் பதினாறு வயசுகூட நிரம்பாத குழந்தைகள். போயர் பண்ணைகளில் இருந்த கறுப்பின மக்களைத் தனி முகாம்களில் அடைத்தார்கள். அங்கே குறைந்தது 14,000 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்காக அறிக்கை எழுத அன்றைக்கு யாரும் வரவில்லை.

சண்டை போட்ட ஆண்களைவிட, வீட்டில் காத்திருந்த பெண்களும் பிள்ளைகளும் பல மடங்கு அதிகமாகச் செத்த யுத்தம் அது. துப்பாக்கி பிடித்தவன் தியத்தலாவை மலைக் குளிரில் பத்திரமாக இருக்கிறான். மூன்று வேளைச் சாப்பாடு, டாக்டர், கிரிக்கெட். அவனுடைய நாலு வயசுக் குழந்தை போய்விட்டது என்று தபால் வருகிறது. அது போய் ஒன்றரை மாசம் ஆகியிருக்கும். அந்த ஒன்றரை மாசமும் அதற்காக ஒரு குட்டி மாட்டுவண்டியைச் செதுக்கிக்கொண்டிருந்திருப்பான்.

கடையநல்லூர்ப் பெரியவரிடம் இந்த இடத்தைச் சொன்னபோது, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வாப்பா மவுத்தான சேதி எனக்குப் பதினோரு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நம்ம பக்கத்து கேம்ப்புகளையும் பார்த்துவிடலாம். சிலோன் நிரம்பியதும் 1901-ல் கப்பல்கள் இந்தியாவுக்குத் திரும்பின. வடக்கே அம்பாலா, அமிர்தசரஸ், சியால்கோட் என்று பல ஊர்கள். மேற்கே அகமத்நகர். அன்றைய சென்னை மாகாணத்தில் திருச்சி, பெல்லாரி, நீலகிரியில் வெலிங்டனும் கேத்தியும். இதில் நீலகிரிக்குப் போனவன் கொடுத்துவைத்தவன். திருச்சியையும் பெல்லாரியையும் நினைத்துப் பாருங்கள். ஜூன் மாசத்தில் பனி உறைகிற ஊர்க்காரன், சித்திரை வெயிலில் திருச்சிக் கன்டோன்மென்ட்டில்! மலைக்கோட்டைப் பாறையே சூடேறி மூச்சுவிடுகிற காலத்தில் தாடியும் கனத்த கோட்டுமாக அந்த மனிதர்கள் எப்படித்தான் சமாளித்தார்களோ. அங்கேயும் அதே ஆள் எண்ணும் சடங்கு, அதே செதுக்கல், அதே சங்கீதப் பாராயணம், அதே தபாலுக்கான காத்திருப்பு.

எல்லா கேம்ப்பிலும் இன்னொன்றும் நடந்தது. கைதிகளே இரண்டாகப் பிளந்தார்கள். 'போதும், ராஜா சொல்கிறபடி கேட்டுக்கொண்டு ஊருக்குப் போவோம்' என்று ஒரு கட்சி. 'கடைசி வரைக்கும் முடியாது' என்று இன்னொரு கட்சி. இந்தப் பிளவு ஒரே வீட்டுக்குள்ளும் ஓடியது. ஃப்ரீ ஸ்டேட்டின் புகழ்பெற்ற கெரில்லாத் தளபதி கிறிஸ்டியான் டி வெட் கடைசிவரை சண்டை போட்டார். அவருடைய சொந்தத் தம்பி பீட் டி வெட் சரணடைந்து, பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து, போயர்களுக்கு எதிராகவே களமிறங்கினார். கேம்ப்புக்குள் ஒரே கொட்டகையில் இருந்துகொண்டு இந்த இரண்டு கட்சியும் முகம் கொடுத்துப் பேசாமல் எப்படி நாளை ஓட்டியிருக்கும்? நம்மூரில் பங்காளிச் சண்டை போட்டுவிட்டு ஒரே வளவுக்குள் குடியிருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1902 மே 31-ம் தேதி ராத்திரி, பிரிட்டோரியாவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. குடியரசுகள் இரண்டும் ஒழிந்தன. கேம்ப்புகளில் செய்தி வந்தபோது பலர் முதலில் நம்பவில்லை. நம்பியவர்கள் அழுதார்கள். தோற்றுவிட்டோம் என்று அழுகை, வீட்டுக்குப் போகப்போகிறோம் என்றும் அழுகை. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா என்ன?

ஆனால் உடனே மூட்டை கட்டிவிட முடியவில்லை. உடன்படிக்கையின் இரண்டாவது ஷரத்து சொன்னது இது: வெளிநாட்டிலிருக்கிற கைதிகள், ஏழாம் எட்வர்டு மன்னரின் பிரஜைகளாக இருக்கச் சம்மதம் என்று முறைப்படி அறிவிக்கவேண்டும். அப்படி அறிவித்தவர்களை, கப்பல் கிடைக்கக் கிடைக்க, அங்கே அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவோம்.

கையெழுத்துப் போட்டால் வீடு. போடாவிட்டால் முள்கம்பி.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பெண்டாட்டி பிள்ளைகளில் யார் மிச்சம் என்று தெரியாது. நிலம் கரிந்து கிடக்கிறது. பெரும்பாலானவர்கள் போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். போட்டபிறகும் கப்பலுக்காக மாசக்கணக்கில் அதே கொட்டகையில் கிடந்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, விடுதலை என்று சொல்லியாகிவிட்டது, ஆனாலும் காலையில் பேர் கூப்பிடுகிறான்! அதுவரை பொறுமையாகச் செதுக்கிக்கொண்டிருந்த கைகளுக்கு இப்போதுதான் வேலை ஓடவில்லை.

போடாதவர்கள்? இருந்தார்கள். இந்தியாவில் அகமத்நகரில் சில நூறு பேர், 'நான் என் குடியரசுக்குத்தான் சத்தியம் செய்திருக்கிறேன், இன்னொரு ராஜாவுக்குச் செய்யமாட்டேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். 1902 போனது. 1903-ம் போய்க்கொண்டிருந்தது. உலகம் அந்த யுத்தத்தை மறந்தேவிட்டது. இவர்கள் மட்டும் இல்லாத ஒரு நாட்டின் சிப்பாய்களாகத் தக்காணத்து வெயிலில் இருந்தார்கள்.

கடைசியில் அவர்களுக்குப் புத்தி சொல்ல ஒருவர் கப்பலேறி வந்தார். பிரிட்டிஷ் அதிகாரி இல்லை. ஜெனரல் டி லா ரே. 'மேற்கு டிரான்ஸ்வாலின் சிங்கம்' என்று பேர் வாங்கியவர். யுத்தம் வேண்டாம் என்று முதலில் எச்சரித்தவர், வந்தபிறகு கடைசிநாள் வரைக்கும் சண்டை போட்டவர். சண்டையில் மகனைப் பறிகொடுத்தவர். பண்ணை எரிந்துபோய், அவருடைய மனைவி பிள்ளைகளோடு மாசக்கணக்கில் மாட்டுவண்டியில் வெட்டவெளியில் அலைந்தார். 1902-ல் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1903 டிசம்பரில் இந்தியா வந்து அந்தப் பிடிவாதக்காரர்களைச் சந்தித்தார். 'நானே போட்டுவிட்டேன், நீங்களும் போடுங்கள், வாருங்கள் வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்ல அவரைத் தவிர வேறு யாருக்கு யோக்கியதை இருந்தது? 1904 தொடக்கத்தில் அவர்களும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. போயர்களின் கஷ்டத்தைப் படித்து உருகுகிற நமக்கு, அவர்கள் நம்மவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். டிரான்ஸ்வாலில் 1885-லேயே சட்டம் போட்டு, இந்தியர்கள் ஒதுக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் நிலம் வாங்கக்கூடாது என்றார்கள். ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியன் கடை வைக்கவே முடியாது. கைதியாகச் சிலோனுக்கும் திருச்சிக்கும் வந்து நம் மண்ணில் மூச்சுவிட்ட பிறகாவது மாறினார்களா என்றால், ம்ஹூம். 1910-ல் தென் ஆப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது, தோற்ற போயர்களின் தளபதி லூயி போத்தாதான் பிரதமர். 1913-ல் காந்தியும் தமிழ்த் தொழிலாளர்களும் ஜெயிலுக்குப் போனது அந்த அரசாங்கத்தை எதிர்த்துத்தான். தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலில் காய்ச்சல் வாங்கி, வெளியே வந்து இறந்துபோனதும் அவர்கள் ஆட்சியில்தான். முள்கம்பிக்குள் இருந்தவனுக்கு முள்கம்பியின் வலி தெரியும். அடுத்தவனுக்கு அதைக் கட்டாமல் இருக்க அது போதவில்லை.

சிலோன் கைதிகளில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. பேர் எங்கல்பிரெக்ட். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கப்பலேறியபோது இவர் மறுத்துவிட்டார். அகமத்நகர்க்காரர்களுக்கு ஒரு டி லா ரே வந்த மாதிரி இவருக்கு யாரும் வரவில்லை. தீவின் தெற்குக் கரையில், வெயிலும் உப்புக்காற்றுமாக இருக்கிற ஹம்பாந்தோட்டையில் தங்கிவிட்டார். வேட்டை தெரிந்தவர், காடு தெரிந்தவர். பக்கத்தில் யால காட்டை விலங்குகளுக்கான சரணாலயமாகப் பாதுகாக்க ஆரம்பித்திருந்தார்கள். 1908-ல் அதற்கு முதல் காவலராக எங்கல்பிரெக்டை நியமித்தது பிரிட்டிஷ் அரசாங்கம். எந்த ராஜாவின் பிரஜையாக இருக்கமாட்டேன் என்றாரோ, அந்த ராஜாவின் காட்டுக்குக் காவல்!

அங்கேயும் நிம்மதியில்லை. 1914-ல் முதல் உலக யுத்தம். செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, 'அவன் சரியான எம்டன்டா' என்று நாம் இன்றுவரை சொல்கிற அளவுக்குத் தமிழுக்கே ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் ஞாபகமிருக்கிறதா? அந்த எம்டன் கப்பலுக்கு எங்கல்பிரெக்ட் ரகசியமாக மாட்டிறைச்சி சப்ளை செய்தார் என்று எவனோ கிளப்பிவிட்டான். கையெழுத்துப் போடாதவன்தானே, செய்திருப்பான் என்று நம்பினார்கள். கண்டியில் கொண்டுபோய் அடைத்தார்கள். மறுபடி பூட்டு, மறுபடி காவல், மறுபடி ஆள் எண்ணிக்கை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. வெளியே விட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று யுத்தத்துக்குப் பிறகு எம்டனின் கேப்டனே தெளிவுபடுத்தினார்.

எங்கல்பிரெக்ட் 1922-ல் ஹம்பாந்தோட்டையில் இறந்தார். சமாதானம் கையெழுத்தாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே புதைத்தார்கள்.